ஆறு கிலோமீட்டர் ஓடிய வெண்கலக் கால்

காலை ஆறரை மணிக்கு ஒரு மனிதனை உலுக்கி எழுப்பி, அரைக்கால் சட்டையைக் கையில் கொடுத்து, ஊரைச் சுற்றி ஓடு என்று சொல்வது எந்தச் சட்டப் பிரிவில் குற்றம் என்று யோசித்தபடியே கொழுந்தன் மாடிப்படி இறங்கினான். எந்தப் பிரிவிலும் இல்லை என்று அண்ணி ஏற்கனவே சொல்லியிருந்தாள். அவள் சட்டக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துப் பாதியில் விட்டவள். மீதிச் சட்டத்தை அடுத்தவர் வீட்டு ரகசியங்களிலிருந்து கற்றுக்கொண்டவள்.

மாடியில் இருக்கும் அந்த ஒற்றை அறைதான் அவளுடைய துப்பறியும் நிலையம். கொழுந்தன் அங்கே உதவியாளன். அண்ணன் ரயில் ஓட்டுகிறவர், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார். வேலைவெட்டி இல்லாமல் வாயை மட்டும் வளர்த்துக்கொண்டிருந்த தம்பியை, "இவனை உன்கூட வச்சுக்கோ, இவன் பேச்சைக் கேக்கறதுக்கு உண்மையைச் சொல்லிட்டுப் போயிடலாம்னு எவனும் கக்கிடுவான்" என்று மனைவியிடம் ஒப்படைத்துவிட்டார். இவன் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது தபால்காரர் உட்படத் தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறது.

கீழே சலவைக்கடை. கடைக்கார அக்கா இடுப்பில் கைவைத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பெரிய மெஷின் காலையிலிருந்து மக்கர் பண்ணுகிறதாம். போட்ட பத்தாவது நிமிஷம் உள்ளேயிருந்து யாரோ உதைக்கிற மாதிரி திம் திம்மென்று சத்தமாம். பயந்துபோய் நிறுத்தினால், தண்ணீரும் இறங்கவில்லை, கதவும் திறக்கவில்லை, மெக்கானிக் பதினோரு மணிக்குத்தான் வருவானாம். துப்பறிகிறவர்கள்தானே, ஒரு எட்டு உள்ளே வந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள்.

"உதைக்குதா? அப்ப அது அடிதடி கேஸ் அக்கா. போலீஸ்ல சொல்லுங்க. நாங்க திருட்டு கேஸ் மட்டும்தான் எடுக்கறோம்" என்றான் கொழுந்தன்.

அண்ணி அவன் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். போய்விட்டு வந்து பார்க்கிறோம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். அவளுக்கு மெஷினைப் பார்க்க நேரமில்லை. ஒன்பதரை மணிக்குள் ஒரு காலைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கால் என்றால் வெண்கலக் கால். ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சின்ன மியூசியம் உண்டு. அங்கே எப்போதோ மண்ணிலிருந்து தோண்டியெடுத்த ஒரு சிலையின் இடது பாதம், கணுக்காலோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும். ஒரு சாண் நீளம், இரண்டு கிலோ கனம். மீதிச் சிலை எங்கே என்று யாருக்கும் தெரியாது. பெருவிரல் நிலத்தை உந்துகிற விதத்தை வைத்து, அவன் ஓடிக்கொண்டிருந்தவன் என்று மட்டும் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நேற்று அந்தக் கால் காணாமல் போய்விட்டது.

நேற்று சாயங்காலம் மியூசியத்தின் காவல்காரி மாடியேறி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னாள். காலையில் ஓட்டச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று வரும், அவர்களுக்காக மட்டும் மியூசியத்தை முன்கூட்டியே திறப்பது வழக்கம். இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். நேற்று அவர்கள் போன பிறகு பார்த்தால் பெட்டி காலி. பூட்டு பூட்டியபடி இருக்கிறது, சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. 'சுத்தம் செய்வதற்காக எடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு அட்டையில் எழுதிக் காலியிடத்தில் வைத்துவிட்டாள். ஆனால் இன்றைக்கு ஒன்பதரைக்கு டைரக்டர் வருகிறார். எல்லாம் சரியாக இருந்தால், ஒன்பது மாதமாகத் தற்காலிகமாக இருக்கும் அவளுடைய வேலையை நிரந்தரம் செய்து கையெழுத்துப் போடுவார்.

அதுவரை அழாதவள், அடுத்த விஷயத்தைச் சொல்லும்போது அழுதாள். வேலை இல்லாத இரண்டு வருஷமும், வேலை கிடைத்த பிறகும் அவள் மகள் பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தாள். எட்டு வயசு. போன மாதம்தான் அழைத்துவந்திருக்கிறாள்.

"வந்து ஒரு மாசம் ஆச்சு, பொண்ணு இன்னும் துணிப் பெட்டியைப் பிரிக்கலைங்க. நான்தான் பிரிக்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன். ஆர்டர் கைக்கு வந்தப்புறம் பிரிக்கலாம்னு. தினமும் பெட்டியிலேருந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டு, மறுபடி மூடி வச்சிடறா."

அண்ணி அந்த இடத்திலேயே கேஸை எடுத்துக்கொண்டாள்.

அதனால்தான் இந்த அரைக்கால் சட்டை.

ஏழு மணிக்கு நீரூற்றுச் சதுக்கத்தில் கூட்டம் சேர்ந்தது. மொத்தம் ஏழு பேர். வழிகாட்டிப் பெண் ஒல்லியாக, விசிலும் கழுத்துமாக நின்றாள். ஆறு கிலோமீட்டர், ஆறு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிஷம் வரலாறு, ஒரு போட்டோ என்று விதிகளைச் சொன்னாள். நாலு வருஷமாக எங்களோடு ஓடியவர்கள் ஒரு குண்டூசியைக்கூடத் தொலைத்ததில்லை என்று பெருமையாக முடித்தாள். எல்லோருக்கும் கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைத் துண்டு கிடைத்தது. துண்டு கொடுத்தவர் கூட்டத்தின் கடைசியில் ஓடுகிறவர். நாற்பது வயது, நெட்டையான உடம்பு, முதுகில் தண்ணீர் பாட்டில்கள் நிறைந்த பெரிய பை. பின்தங்குகிறவர்களை விடாமல் கூட்டிவருவது அவர் வேலை. அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்கும், ஆனால் எல்லோரும் அவரைக் கடைசி என்றே கூப்பிட்டார்கள். அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணி வழிகாட்டியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. கொழுந்தனிடம் மட்டும் ஆட்களைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தவனுக்குத் தலை சுற்றியது. ஓட வந்தவர்களில் ஒருவரைத் தவிர எல்லோர் உடம்பிலும் மெல்லிய பனியன், தொடையோடு நிற்கும் கால்சட்டை. பை இல்லை, பாக்கெட்டும் இல்லை.

"இரண்டு கிலோ காலை இவங்க எங்க வச்சுக்கிட்டு ஓடுவாங்க அண்ணி? வாயிலயா?"

"அதைத்தான் பாக்கப்போறோம். ஓடு தம்பி."

ஓடினார்கள். அதாவது மற்றவர்கள் ஓடினார்கள், கொழுந்தன் நகர்ந்தான். வழிகாட்டி முன்னால் போனாலும் பின்பக்கமாகவே ஓடினாள். முகம் கூட்டத்தைப் பார்த்தபடி, வாய் ஓயாமல் பேசியபடி, விளக்குக் கம்பத்தையும் குப்பைத் தொட்டியையும் திரும்பிப் பார்க்காமலே விலகிப் போனாள். ஷட்டர் பாதி தூக்கிய கடைகள், அச்சகத்தின் ஜன்னலில் இன்னும் எரிந்துகொண்டிருந்த இரவு விளக்கு, ஒரு கட்டில் மட்டுமே கொள்ளும் அகலத்தில் ஒரு வீடு, அதன் மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள். அந்த வீட்டுக்காரர் ஒருவருக்கும் பயப்பட மாட்டார், குண்டான விருந்தாளிக்கு மட்டும் பயப்படுவார் என்று வழிகாட்டி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தனுக்குச் சிரிக்க மூச்சு மிச்சமில்லை.

அவனுக்கு ஒரு ஆள்மேல் சந்தேகம் விழுந்திருந்தது. கூட்டத்தில் ஒருவர் மட்டும் முழுக்கால் சட்டை போட்டிருந்தார். பல் டாக்டர். தினமும் வருகிறவர், நேற்றும் வந்தவர். அவருடைய வலது கால் சாதாரணமாக இருந்தது. இடது கால் மட்டும் முட்டியிலிருந்து கீழே தடியாக, விறைப்பாகப் போய்க்கொண்டிருந்தது. காணாமல் போனதும் இடது கால்தான் என்பதைக் கொழுந்தன் மனசுக்குள் அடிக்கோடு போட்டுக்கொண்டான்.

இரண்டாவது நிறுத்தம் இரும்புப் பாலம். இரண்டு கரையிலிருந்தும் இரண்டு இஞ்சினியர்கள் கட்டிக்கொண்டு வந்தார்களாம். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். நடுவில் சேரும்போது ஒன்று ஒரு முழம் உயரமாகிவிட்டதாம். அந்தப் படியை எல்லோரும் ஒன்றாகக் குதித்துத் தாண்ட வேண்டும் என்பது சுற்றுலாவின் சம்பிரதாயம். குதிப்பதற்கு முன் கொழுந்தன் தன் செல்போனைத் துண்டில் சுற்றிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு ஷூ கயிற்றைக் கட்டினான். கட்டியவன் குதித்தான், ஓடினான். முந்நூறு அடி போன பிறகுதான் போன் ஞாபகம் வந்தது. போச்சு என்று தலையில் கைவைத்துத் திரும்பினால், பின்னால் வந்த கடைசி தன் பைக்குள் கைவிட்டுத் துண்டும் போனுமாக எடுத்து நீட்டினார்.

"நீங்க எதையாவது விட்டுட்டுப் போவீங்கன்னு பாத்த உடனே நினைச்சேன்" என்றார். யாராவது ஏதாவது வைத்துவிட்டுப் போவதும், கூட்டம் கிளம்பியதும் அதை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடுவதும் தினமும் நடப்பதுதானாம். யாருடையது என்றெல்லாம் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தால் கூட்டம் போய்விடுமாம்.

அண்ணி ஓட்டத்தை ஒரு கணம் நிறுத்தி, அவரையும் பையையும் பார்த்துவிட்டு மறுபடி ஓடினாள்.

மூன்றாவது நிறுத்தம் மியூசியம். காவல்காரி கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். இரவு முழுக்கத் தூங்காத கண்கள். உள்ளே ஒரே ஒரு கூடம், சுவரோரமாக நீளமாக ஒரு மரப்பெஞ்சு, நடுவில் கண்ணாடிப் பெட்டி. வழிகாட்டி அட்டையைப் படித்துவிட்டு, கால் குளிக்கப் போயிருக்கிறது, அதனால் இன்றைக்குப் பானைகளைப் பார்ப்போம் என்று கூட்டத்தைப் பானைகள் பக்கம் திருப்பினாள். கடைசி பாட்டில்களை நிரப்பக் குழாயடிக்குப் போனார். அண்ணி மட்டும் பெட்டிக்கு முன்னால் குனிந்தாள். வெளிப்பக்கக் கண்ணாடியில் விரல் தடங்கள், குழந்தைகள் மூக்கை அழுத்திய தடங்கள். உள்பக்கத்தில் ஒரு தூசி இல்லை, துடைத்த கோடுகூட இல்லை.

அவள் காவல்காரியை மெல்ல மூலைக்கு அழைத்துப் போனாள். கொழுந்தனும் பெஞ்சில் சரிந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டான்.

"பூட்டின பெட்டியிலேருந்து திருடினவன் உள்பக்கக் கண்ணாடியையும் துடைச்சுட்டுப் போயிருக்கான். ரொம்ப நல்ல திருடன். இல்லேன்னா அதைத் துடைச்சது நீங்க. எதும்மா?"

காவல்காரியின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு மளமளவென்று சொல்லிவிட்டாள். பெட்டியைத் திறக்க டைரக்டருக்கு மட்டும்தான் அனுமதி. ஆனால் உள்ளே தூசி படிந்து கிடந்தது, அவர் வருகிற நாளில் அப்படி இருக்கலாமா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. காலை எடுத்தாள், வெறும் மரத்தில் வைக்க மனசு வராமல் ஒரு துண்டில் பத்திரமாகச் சுற்றி அந்தப் பெஞ்சில் வைத்தாள், உள்ளே துடைத்தாள். நேற்றுப் பார்த்துக் கூட்டம் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. பயத்தில் பெட்டியைப் பூட்டி, காலியாக இருப்பது தெரியாமல் அதை மறைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் போனதும் திரும்பினால் பெஞ்சும் காலி.

"திறந்தேன்னு தெரிஞ்சா வேலையே போயிடும். அதான் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

அண்ணி அவள் தோளைத் தொட்டு, மணி என்ன என்று மட்டும் கேட்டாள். ஏழு ஐம்பது. விசில் அடித்தது, கூட்டம் கிளம்பியது.

கொழுந்தனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் இப்போது சரிந்து கிடந்த அதே பெஞ்சில்தான் பல் டாக்டர் நேற்று உட்கார்ந்திருப்பார். துண்டைத் தொட்டுப் பார்த்திருப்பார். கனமாக இருந்ததும் முழுக்கால் சட்டைக்குள் தள்ளியிருப்பார். இன்றைக்கும் அதைக் காலோடு கட்டிக்கொண்டு ஓடுகிறார் என்றால் எத்தனை நெஞ்சழுத்தம். நேற்றுத் திருடியதை இன்றைக்கும் எதற்கு ஒருவர் காலில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மூச்சு வாங்கும்போது மூளைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போய்ச் சேருகிறது.

நான்காவது நிறுத்தமான தீயணைப்பு நிலையத்தில் அவன் சந்தர்ப்பம் பார்த்தான், கிடைக்கவில்லை. ஐந்தாவது நிறுத்தம் நூற்றிருபது படிகள். பாதிப் படியில் கால் இடறியவன்போல விழுந்து, மேலே போய்க்கொண்டிருந்த பல் டாக்டரின் இடது காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான். கை இரும்பில் பட்டது.

"அண்ணி, கிடைச்சிடுச்சு. கெட்டியா இருக்கு."

பல் டாக்டர் படியில் உட்கார்ந்து, நிதானமாகக் கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக் காட்டினார். உள்ளே முட்டிக்குப் போடும் பட்டை, இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், நாலு வார். எலும்பு டாக்டர் தினமும் ஓடச் சொல்லியிருக்கிறாராம்.

"தனியா ஓடினா நாய் பிடிக்குதுன்னுதான் கூட்டத்தோட சேந்து ஓடறேன்" என்றார் வருத்தமாக. "இங்கேயும் பிடிக்கறீங்க."

கூட்டமே சிரித்தது. அண்ணி கொழுந்தனுக்காக மன்னிப்புக் கேட்டாள். அவன் காது மடல் சிவந்து எரிய, மீதிப் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினான். தன் அவமானம் போகட்டும், துணிப் பெட்டியை இன்னும் பிரிக்காத காவல்காரி மகள் ஞாபகத்துக்கு வந்து, அதுதான் அவனை அதிகம் உறுத்தியது. மணி எட்டைத் தாண்டிவிட்டது, கையில் ஒன்றும் இல்லை.

ஆறாவது நிறுத்தம் படகுத்துறை. எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில், கழுத்தில் துண்டு, கடைசியும் ஓரத்தில் வந்து நிற்க, வழிகாட்டி போட்டோ எடுத்தாள். எடுத்து முடித்ததும் அண்ணி அவளிடம் போய், நேற்று இதே இடத்தில் எடுத்த போட்டோவைக் காட்ட முடியுமா என்று கேட்டாள். வழிகாட்டி போனைத் தேய்த்துக் காட்டினாள். அண்ணி அதைக் கொழுந்தனிடம் நீட்டி, இன்றைக்கும் நேற்றைக்கும் என்ன வித்தியாசம் என்றாள்.

அவன் முகங்களைப் பார்த்தான். நேற்று ஆட்கள் வேறு, பல் டாக்டர் மட்டும் அதே சிரிப்பு. நேற்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நேற்று மேகம், இன்றைக்கு வெயில். இதெல்லாம் சொன்னான்.

"முகத்தை விடு. பையைப் பாரு."

பார்த்தான். நேற்றும் எல்லோர் கையிலும் பாட்டில், எல்லோர் கழுத்திலும் துண்டு. அதாவது கடைசியின் பையில் எதுவுமே இருக்கக் கூடாது. ஆனால் போட்டோவில் அந்தப் பை வார் இழுபட்டு இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து நேரில் பார்த்தான். இன்றைக்கு அதே பை கடைசியின் முதுகில் காலியாக, தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"காலியான பை எப்படித் தொங்கும்னு பாக்கத்தான் ஆறு கிலோமீட்டர் ஓடினேன்" என்றாள் அண்ணி. "உன் போனைத் துண்டோட அள்ளினப்பவே சந்தேகம் வந்துச்சு. நேருல பாக்காம ஒருத்தரைப் பத்திப் பேசக் கூடாது இல்லையா."

அவள் கடைசியை ஓரமாகக் கூப்பிட்டு, மியூசியம் பெஞ்சில் நேற்று ஏதாவது துண்டு கிடந்ததா என்று சாதாரணமாகக் கேட்டாள். கிடந்தது, எடுத்தேன் என்றார் அவரும் சாதாரணமாக. யாரோ விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று கூட்டத்தின் பின்னால் ஓடும் அவசரத்தில் அள்ளிப் பையில் போட்டிருக்கிறார். அப்போதுதான் பாட்டில்களையும் நிரப்பியிருந்ததால் கனம் வித்தியாசமாகத் தெரியவில்லை. அந்தத் துண்டுக்குள் என்ன இருந்தது என்று அண்ணி சொன்னதும் அவர் படகுத்துறைக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கடைசி இரண்டு கிலோமீட்டர் பை கனமாத்தான் இருந்துச்சு" என்றார். "பாட்டில் எல்லாம் காலி, அப்புறமும் கனம். எனக்கு வயசாகுதுன்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுக்குப் போய் சம்சாரத்துக்கிட்டகூட சொல்லி வருத்தப்பட்டேன்."

ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் துண்டைப் பைக்குள் எறிவார்கள், அவர் பையைத் தலைகீழாக அழுக்குக் கூடையில் கொட்டிவிடுவார். பிரித்துப் பார்க்கவில்லையா என்று கொழுந்தன் கேட்டான். ஊரார் வேர்வைத் துண்டை யாராவது பிரித்துப் பார்ப்பார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார், அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

"கூடை எங்க போகும்?" என்றாள் அண்ணி.

"சலவைக்குத்தான். இங்கேருந்து பத்து நிமிஷ ஓட்டம். மாடியில துப்பறியும் நிலையம்னு ஒரு போர்டு தொங்கும் பாருங்க, அதுக்கு நேர் கீழே."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். உள்ளேயிருந்து யாரோ உதைக்கிற மாதிரி என்று அக்கா சொன்னது இரண்டு பேர் காதிலும் ஒரே சமயத்தில் ஒலித்தது. ஊரெல்லாம் ஓடித் தேடிய கால், அவர்கள் நாற்காலிக்குப் பத்தடி கீழே, சோப்புத் தண்ணீரில் கிடந்து உதைத்துக் கூப்பிட்டிருக்கிறது. அடிதடி கேஸ் என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன்தான்.

அன்றைக்குக் கொழுந்தன் உண்மையிலேயே ஓடியது அந்தப் பத்து நிமிஷம்தான். அண்ணியையே முந்திவிட்டான். கடைசி காலிப் பையோடு பின்னால் வந்தார்.

சலவைக்கடை அக்கா இடுப்பிலிருந்து கையை எடுக்காமல் அதே வாசலில் நின்றாள். மெஷினைத் திறக்க வேண்டும் என்றதும், அது அடிதடி கேஸாயிற்றே, போலீஸ் வரட்டும், திருட்டு கேஸ் பார்க்கிறவர்கள் அதைத் தொடலாமா என்றாள். கொழுந்தன் மறுபேச்சுப் பேசவில்லை. தப்பு என்னுடையதுதான் அக்கா, என் வாயை அந்த மெஷினில் போட்டுத் துவைத்தாலும் தகும் என்றான். இருபது வருஷமாக மற்றவர் கறையைப் பார்த்தே பழகிய அக்கா, இவன் முகத்தில் தெரிந்தது நிஜமான வருத்தம் என்பதைக் கண்டுகொண்டாள். வழிவிட்டாள்.

தண்ணீர் இறங்கினால்தான் கதவு திறக்கும். மெஷினின் அடியில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதை அக்கா திருகிவிட, கொழுந்தன் குப்புறப் படுத்து வாளி பிடித்தான். முதல் வாளியில் பாதி அவன் ஷூவுக்குள் போனது. பிடித்துக் கொடுப்பது அவன், கொட்டுவது கடைசி. பதினோராவது வாளியில் மெஷின் ஒரு பெருமூச்சு விட்டுக் கதவைத் தளர்த்தியது. மணி எட்டு ஐம்பத்தைந்து.

அண்ணி துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஒரு வாரமாகச் சேர்ந்த துண்டுகள் நாற்பதுக்கு நடுவிலிருந்து ஐந்து விரல்கள் எட்டிப் பார்த்தன. இத்தனை துண்டுக்குள் இருந்ததால் காலுக்கு ஒரு கீறல் இல்லை. மெஷினின் உருளையில்தான் ஒரு பள்ளம். காலின் விரல் இடுக்குகளில் காலங்காலமாக இருந்த அழுக்கு மட்டும் போயிருந்தது, ஒவ்வொரு நகமும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இதுதான் உதைச்சுதா" என்று அக்கா அதன் பெருவிரலைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் போய்விட்டது. உலர்ந்த துண்டு ஒன்றை அவளே எடுத்துக் காலைத் துடைத்துக் கொடுத்தாள்.

மியூசியத்துக்குப் போகும்போது கால் மறுபடி கடைசியின் பையில்தான் ஏறியது. ஆனால் இந்த முறை அவர்தான் முன்னால் ஓடினார். முன்னால் ஓடிப் பழக்கமில்லாததால் பத்தடிக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

ஒன்பது இருபத்தேழுக்குக் காவல்காரி அதைக் கையில் வாங்கினாள். பெட்டியைத் திறந்து, பழைய இடத்தில் நிறுத்தி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அட்டையை எடுக்க நேரமில்லை. அது காலுக்குப் பக்கத்திலேயே நின்றது. கொழுந்தனும் அண்ணியும் கடைசியும் பெஞ்சில் உட்கார்ந்து பானைகளை ரசிக்கிறவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டார்கள். ஷூவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தவன் இன்னும் கொஞ்சம் அதிகமாக ரசித்தான்.

டைரக்டர் வயதானவர், மூக்குக் கண்ணாடி நுனிமூக்கில். நேராகப் பெட்டிக்குப் போனார். அட்டையைப் படித்தார். காலைப் பார்த்தார். குனிந்து, விரல் இடுக்குகளைப் பார்த்தார். யார் சுத்தம் செய்தது என்று கேட்டார்.

ஒரு பொய் சொன்னால் போதும். மேலிடத்திலிருந்து ஆள் வந்தார்கள் என்றோ, தூசி தானாகப் போயிற்று என்றோ. கொழுந்தன் மனசுக்குள் அவளுக்காக நாலு பொய் தயார் செய்துவிட்டான். ஆனால் காவல்காரி அண்ணியை ஒரு முறை பார்த்தாள், பிறகு டைரக்டரைப் பார்த்தாள்.

"நான்தான் சார் எடுத்தேன். உங்களைக் கேக்காம பெட்டியைத் திறந்தேன், தப்புதான். கால் சலவைக்கடை மெஷினுக்குப் போயிடுச்சு. நாப்பது துண்டோட சேந்து துவைச்சு வந்திருக்கு."

டைரக்டர் அவளையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணாடி மூக்கிலிருந்து கழன்று நெஞ்சில் விழுகிற அளவுக்குச் சிரித்தார். இந்தக் கட்டடத்துக்குள் இருபத்தாறு வருஷமாக ஒருவரும் தன்னைச் சிரிக்க வைத்ததில்லை என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் பெட்டியைத் திறப்பதென்றால் முதலில் தன்னிடம் கேட்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். சுத்தம் செய்ய ஆள் அனுப்பச் சொல்லித் தானும் மூன்று கடிதம் போட்டதாகவும், ஒருவரும் வரவில்லை என்றும், இவ்வளவு நன்றாக அவர்களும் செய்திருக்க மாட்டார்கள் என்றும் முணுமுணுத்தபடி, பெட்டியின் மேலேயே ஆர்டர் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் அந்த மெஷின் கதையை நம்பினாரா, நகைச்சுவை என்று நினைத்தாரா என்பது கொழுந்தனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவர் போன பிறகு காவல்காரி அட்டையை எடுத்து ஒரு முறை படித்தாள். அதில் எழுதியிருந்தது எல்லாமே நடந்துவிட்டது. அதைக் கிழிக்காமல் மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, போனை எடுத்தாள்.

"நான்தாண்டா கண்ணு. சாப்பிட்டியா? ஒண்ணு செய். பெட்டியைப் பிரிச்சிடு. ஆமா, எல்லாத்தையும். அலமாரியில கீழ்த்தட்டு உனக்கு, சட்டையெல்லாம் அதுல அடுக்கு. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடு. இனிமே அது வேணாம்."

கொழுந்தன் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். அண்ணி திரும்பிப் பார்த்ததும், வேர்வை அண்ணி, காலையிலிருந்து ஓடினது என்றான். அண்ணி அவன் முதுகில் லேசாக ஒரு தட்டு தட்டினாள். மெஷின் உருளையைச் சரிசெய்து கொடுக்கும்வரை சலவைக்கடையில் வாளி தூக்குவதாக அவனே அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான், அதற்கு நேரமாகிவிட்டது. துண்டைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து நடந்தான்.

வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், கடைசி வழக்கம்போல அந்தத் துண்டைக் கையில் எடுத்திருந்தார். இந்த முறை அதை முழுசாகப் பிரித்தார், இரண்டு தரம் உதறினார், முன்னும் பின்னும் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் பையில் போட்டுக்கொண்டார்.